நின்றுகொண்டே எழுதியவள்

அத்தியாயம் 17

தட்சணாமூர்த்திக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஆறு மணிக்கே உப்பளத்துக்கு வந்துவிட்டார். ரோட்டிலிருந்து கொட்டகை வரைக்கும் போகிற வரப்பைப் பெருக்கச் சொன்னார். பெருக்கி முடித்ததும், “சரியில்ல, இன்னொரு வாட்டி” என்றார்.

“உப்பளத்து வரப்ப எதுக்குண்ணே பெருக்கறது? இது என்னா கல்யாண மண்டபமா?” என்றாள் சின்னப்பாப்பா. பதினெட்டு வருஷமாக அவரிடம் உப்பு வாருகிறவள். அவரிடம் இப்படிப் பேசுகிற தைரியம் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

“வர்றது யாருன்னு தெரியுமா உனக்கு? ஸ்பெயின்லேர்ந்து எழுத்தாளரு. முப்பது பாஷையில அவங்க புத்தகம் வந்திருக்குது. நம்ம மாப்ளதான் அதத் தமிழ்ல கொண்டாந்திருக்காரு. ஞாயித்துக்கெழம பாண்டியில விழா. மாப்ளைக்கு மேடையில மால போடுவாங்க.”

“சரி. அவ்ளோ பெரியவங்க நம்ம அளத்துக்கு எதுக்கு வர்றாங்க?”

அது அவருக்கும் தெரியவில்லை. “பாக்கணும்னு சொன்னாங்களாம்” என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை அறிவழகனைப் பற்றிப் பெருமுக்கல் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் அவர் சொல்லி முடித்தாயிற்று. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தின் ஒரு வரியைக்கூட மாப்பிள்ளை ஸ்பானிஷில் படித்ததில்லை. இரும்பை பக்கம் ஸ்பெயின் தம்பதி நடத்திய விடுதியில் ஆறு வருஷம் வேலை பார்த்து, அந்த மொழியைப் பேசி, பிறகு படித்து, பரீட்சையும் எழுதித் தேறியவள் அவருடைய மகள் ஜெயப்ரியா. இரண்டு வருஷமாக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ‘வெள்ளைத் தரை’ நாவலைத் தமிழில் எழுதியவள் அவள். திண்டிவனம் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியரான அறிவழகன் அதைப் படித்துத் திருத்தங்கள் சொன்னான். ‘சார் பேர் போட்டா நல்லா போகும்’ என்று பதிப்பகத்தில் சொன்னபோது, ‘உங்க பேரே இருக்கட்டுங்க’ என்று அவனிடம் சொன்னவளும் ஜெயப்ரியாதான். அதைச் சொல்லி பத்து நாள்தான் ஆகிறது.

அட்டை இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகிறது.

பாண்டிச்சேரியிலிருந்து கிளம்பிய கார் அனுமந்தையைத் தாண்டியிருந்தது. முன் ஸீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் அறிவழகன். பின்னால் ஜெயப்ரியா. அவளுக்குப் பக்கத்தில் அம்பாரோ லெதெஸ்மா.

போட்டோக்களைப் பார்த்து உயரமானவர் என்று ஜெயப்ரியா நினைத்திருந்தாள். நேரில் அவளுடைய தோளுக்குத்தான் வந்தார். எழுபத்தொன்பது வயது. ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, சாயம் போன நீலச் சட்டை, தொளதொளவென்று பேன்ட். ஸீட்டின் மேல் வைத்திருந்த வலது கையை ஜெயப்ரியா திருட்டுத்தனமாகப் பார்த்தாள். நடுவிரல் முனையில் பேனா அழுத்தி அழுத்திக் காய்த்துப் போயிருந்தது. பதினெட்டு நாவல்கள் எழுதிய கை. அவளுடைய இரண்டு வருஷ விடியற்காலைகளை எல்லாம் எடுத்துக்கொண்ட கை. அது இப்போது ஒரு முழ தூரத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு நம்பும்படியாக இல்லை.

அம்பாரோ முன்னால் சாய்ந்து, அறிவழகனின் தோளைத் தட்டி, ஸ்பானிஷில் ஏதோ நீளமாகக் கேட்டார்.

அறிவழகன் திரும்பிச் சிரித்தான். “சி, சி. கிராசியாஸ்” என்றான். ஆமாம், ஆமாம், நன்றி. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

ஜெயப்ரியாவுக்கு மட்டும் கேள்வி புரிந்தது. அவர் கேட்டது இதுதான்: ‘இரண்டாம் அத்தியாயத்தில் அந்த அப்பாவின் சாவை எழுதும்போது மூன்று நாள் வேலை ஓடவில்லை என்று கடிதம் எழுதியிருந்தீர்களே, பிறகு எப்படி முடித்தீர்கள்?’

அறுபத்து மூன்று கடிதங்கள். எல்லாவற்றையும் எழுதியது ஜெயப்ரியா. எல்லாவற்றுக்கும் அடியில் ‘அறிவழகன்’. பேராசிரியர் பேரில் எழுதினால்தான் பதில் வரும் என்று நினைத்திருந்தாள்.

“அவர் நன்றாகப் படிப்பார். பேசத்தான் கூச்சம்” என்று அவசரமாக ஸ்பானிஷில் சொன்னாள்.

அம்பாரோ அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் இடது பக்கம் உப்பளங்கள் ஆரம்பித்தன. சித்திரை வெயிலில் கண்ணுக்கு எட்டிய தூரம் கண்ணாடி கண்ணாடியாகப் பாத்திகள். வரப்போரம் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். அம்பாரோவின் கை வந்து ஜெயப்ரியாவின் மணிக்கட்டைப் பிடித்தது. வலிக்கிற அளவுக்குப் பிடித்தது.

“அறுபது வருஷமாயிற்று, இதைப் பார்த்து” என்றார்.

காரை விட்டு இறங்கியதும் தட்சணாமூர்த்தி பொன்னாடையோடு முன்னால் வந்தார். அம்பாரோ அதைப் போர்த்திக்கொண்டு, கும்பிட்டு, அடுத்த காரியமாகக் குனிந்து ஷூவைக் கழற்றினார்.

“ஐயையோ, வேணாங்க! கால் அறுத்துடும்! ஜெயா, சொல்லும்மா!”

ஜெயப்ரியா சொன்னாள். அம்பாரோ கேட்கவில்லை. பெருக்கி வைத்த வரப்பை விட்டு, ஓரமாக ஈரம் உள்ள இடம் பார்த்துக் கால் வைத்து, விடுவிடுவென்று நடந்தார். வரப்பில் வழுக்காமல் நடக்கத் தெரிந்த கால். அறிவழகன் புது பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே தடுமாறிக்கொண்டு வந்தான்.

பாத்தியில் நின்றிருந்த சின்னப்பாப்பாவிடம் போய், அம்பாரோ கையை நீட்டினார். சின்னப்பாப்பாவுக்குப் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவர் கேட்டது அவள் கையிலிருந்த பலகையை. நீளக் கம்பின் நுனியில் பலகை அடித்து, உப்பை வாரி இழுக்கிற சாமான்.

“இது கனங்க... உங்களால ஆவாது...”

கொடுத்துவிட்டாள். அம்பாரோ தண்ணீருக்குள் இறங்கினார். பலகையை அடி மண்ணில் படாமல் லேசாகச் சாய்த்து வைத்து, மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். உப்பு மட்டும் சரசரவென்று வந்தது. சேறு கொஞ்சம்கூடக் கலங்கவில்லை.

சின்னப்பாப்பா வாயைத் திறந்தவள் மூடவில்லை. அக்கம்பக்கப் பாத்திகளில் வேலை செய்துகொண்டிருந்த ஏழெட்டுப் பேர் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சேற்றைக் கிளறாமல் வாரப் பழகுவதற்கே ஒரு மாசம் பிடிக்கும்.

“இவங்க எழுத்தாளருன்னு சொன்னீங்களே!” என்றாள் சின்னப்பாப்பா.

“என் அப்பா உப்பளத்தில் கூலி. நானும் பத்து வயதிலிருந்து” என்று அம்பாரோ சொன்னதை ஜெயப்ரியா தமிழில் சொன்னாள். ஸ்பெயினின் தெற்குக் கோடியில், காதிஸ் வளைகுடாவில் ஒரு உப்பளம். இப்போது அங்கே உப்பு எடுப்பதில்லை. ஹோட்டல் கட்டிவிட்டார்கள்.

“பேரு என்னாங்க உங்களுக்கு?”

“அம்பாரோ.”

“அம்பாரமா?” சின்னப்பாப்பா வரப்போரம் குவித்திருந்த உப்பைக் கை காட்டினாள். “இதுக்குப் பேரும் அம்பாரந்தாங்க. உப்பு அம்பாரம்!”

ஜெயப்ரியா அதை விளக்கியதும் அம்பாரோ அந்தக் குவியலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்ததும் பாத்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு முழுக்க அவர் பெயர் அங்கே அம்பாரம்மாதான்.

பத்தரை மணிக்கு வெயில் ஏறிவிட, எல்லோரும் கொட்டகை நிழலுக்கு வந்தார்கள். சாமுண்டீஸ்வரி, ஜெயப்ரியாவின் அம்மா, வீட்டிலிருந்து மோரும் சாப்பாட்டுக் கூடையும் கொண்டு வந்திருந்தாள். சங்கரா மீன் குழம்பு, வறுவல். வந்த விருந்தாளிக்கு மோரைக் கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து அவருடைய உள்ளங்காலில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமுண்டீஸ்வரி அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிறவளும் இல்லை.

“ஜெயா, இவங்கள ஒண்ணு கேளு. உப்பு வாரிட்டு இருந்த பொண்ணு எப்படி இவ்ளோ புத்தகம் எழுதனாங்க?”

அம்பாரோ மோர் டம்ளரைக் கீழே வைத்தார். ஜெயப்ரியாவிடம் சொன்னார்: “சொல்கிறேன். ஒரு நிபந்தனை. ‘அவங்க சொல்றாங்க’ என்று நீ மொழிபெயர்க்கக் கூடாது. ‘நான்’ என்றே சொல். ‘அவள்’ என்று நான் நிறைய காலம் இருந்துவிட்டேன்.”

ஜெயப்ரியா தலையாட்டினாள். அம்பாரோ ஒரு வாக்கியம் சொல்ல, அவள் ஒரு வாக்கியம் சொன்னாள்.

“உப்பு மூட்ட தைக்கற எடத்துல ஒரு கன்னியாஸ்திரி எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்தாங்க. இருபது வயசுல கல்யாணம். என் வீட்டுக்காரரு எலாதியோ. ஸ்கூல் வாத்தியாரு. நல்ல மனுஷன். மாட்ரிட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க சமையல்கட்டுல நின்னுக்கிட்டு நான் எழுத ஆரம்பிச்சேன். கொழம்பு கொதிக்கற நேரத்துல.”

“அதான பாத்தேன்” என்றாள் சின்னப்பாப்பா. யாரும் கூப்பிடாமலே அவளும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“மொத நாவல் முடிஞ்சுது. ஆறு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். பிரிக்காமலே திரும்பி வந்துச்சு. ஏழாவது வாட்டி...”

ஜெயப்ரியாவின் குரல் நின்றுவிட்டது.

“என்னாம்மா நிறுத்திட்ட? சொல்லு” என்றார் தட்சணாமூர்த்தி.

அறிவழகன் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். ஜெயப்ரியா அவன் பக்கம் பார்க்காமல் சொன்னாள்:

“ஏழாவது வாட்டி என் வீட்டுக்காரரு பேரப் போட்டு அனுப்பினேன். மூணு வாரத்துல பதில் வந்துச்சு.”

தூணில் சாய்ந்திருந்தவன் நேராக நின்றான்.

“பதினேழு வருஷம். ஏழு நாவல். ஏழும் அவரு பேருல. பேப்பர்ல அவரு போட்டோ. காலேஜ்ல அவரு பேச்சு. நாட்டோட பெரிய பரிசு கெடைச்சுது. அவரு மேடையில நின்னாரு. நான் கீழ உக்காந்திருந்தேன்.”

“கை தட்டினீங்களா?”

சாமுண்டீஸ்வரி கேட்டாள். ஜெயப்ரியா அதை ஸ்பானிஷில் சொன்னாள். அம்பாரோ சாமுண்டீஸ்வரியை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ பத்திரிகைக்காரர்கள் அவரைப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“தட்டினேன். அந்த ஹால்லயே நான்தான் ரொம்ப சத்தமா தட்டினேன்.”

கடல் பக்கத்திலிருந்து வந்த காற்றில் கொட்டகைக் கீற்று சலசலத்தது.

அம்பாரோ தொடர்ந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் எலாதியோ நெஞ்சுவலியில் இறந்துபோனார். எட்டாவது நாவல் பாதியில் இருந்தது. அதை எழுதி முடித்து, பதிப்பகத்துக்கு எடுத்துப் போய், ‘இதையும் நான்தான் எழுதினேன், அந்த ஏழு நாவல்களையும் நான்தான் எழுதினேன்’ என்றார். நாடே சிரித்தது. செத்தவன் கோட்டுச் சட்டையை விதவை எடுத்து மாட்டிக்கொள்ளப் பார்க்கிறாள் என்று பத்திரிகையில் படம் போட்டார்கள். பதிப்பகம் கேஸ் போட்டது. கையெழுத்துப் பிரதி ஒன்றுகூட இல்லை. எலாதியோ டைப் அடித்த பிறகு அவற்றையெல்லாம் அடுப்பில் போட்டது அம்பாரோதான்.

“நீதிபதி கடைசியா ஒண்ணு சொன்னாரு. ஒரு ரூமு, ஒரு மேஜை, மூணு சாட்சி. ஆறு நாள் டைம். நாங்க ஒரு வரி தருவோம், அதுலேர்ந்து எழுதிக் காட்டுன்னாரு.”

“அடப்பாவிங்களா, பரிச்சையா வெச்சானுங்க!” என்றார் தட்சணாமூர்த்தி.

“மொத நாளு ஒரு எழுத்து வரல. பேனாவப் புடிச்சிக்கிட்டு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். ரெண்டாவது நாளும் வரல. வெளியில நிருபருங்க பந்தயம் கட்டறது எனக்கே கேக்குது. அன்னிக்கு என் தங்கச்சி வந்து, மன்னிப்பு கேட்டுட்டு வந்துடு, ஊருக்குப் போயிடலாம்னு அழுவுறா.”

சின்னப்பாப்பா இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“மூணாவது நாளு அந்த நாற்காலியப் பாத்தேன். தோல் வெச்ச நாற்காலி. எழுத்தாளருக்குன்னு பெருசா போட்டிருக்காங்க. அப்பதான் புரிஞ்சுது. என் வாழ்க்கையில ஒரு நாளும் நான் உக்காந்து எழுதனதே இல்ல. அடுப்பு மேடையில நின்னுக்கிட்டேதான் எழுதியிருக்கேன். எழுந்தேன். நாற்காலிய ஓரமா தள்ளினேன். ஷூவக் கழட்டினேன். அங்க மார் உயரத்துக்கு ஒரு அலமாரி இருந்துச்சு. அதுமேல பேப்பர வெச்சு நின்னேன்.”

ஜெயப்ரியாவும் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“இருட்டறதுக்குள்ள நாப்பத்தோரு பக்கம். சாட்சிக்கு வந்த மூணு பேருல ஒருத்தரு வயசானவரு. நான் எழுதி வைக்க வைக்க ஒவ்வொரு தாளா எடுத்துப் படிச்சிட்டே வந்தாரு. கடைசித் தாளப் படிச்சிட்டு அவரு எழுந்து நின்னாரு. ஒண்ணும் சொல்லல. தொப்பிய எடுத்துக் கையில வெச்சிக்கிட்டு, நான் கதவத் தாண்டிப் போற வரைக்கும் அப்படியே நின்னாரு.”

தட்சணாமூர்த்தி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஏதோ கோயிலுக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது அவருக்கு. ஒன்பது மணிக்குப் பலகையைப் பிடித்து உப்பு இழுத்த அதே மனுஷி எதிரே மோர் குடித்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் இன்னும் பெரிய அதிசயமாக இருந்தது.

“அந்த ஆளு, அவங்க புருஷன், ஒரு தரமாவது ‘இது என் பொண்டாட்டி எழுதனது’ன்னு சொல்லியிருக்கலாம்ல?” என்றார். “கேளும்மா.”

ஜெயப்ரியா கேட்டாள். அம்பாரோ பதில் சொன்னார். இது எந்தப் பேட்டியிலும் வராத விஷயம். ஜெயப்ரியா படித்த எதிலும் இல்லை.

“சொல்றேன்னாரு. பரிசு வாங்கின அன்னிக்குக் கார்லயே சொன்னாரு. நாளைக்கு நிருபருங்களக் கூப்புட்டு உண்மையச் சொல்லிடறேன், என்னால முடியல, தூக்கம் வரலைன்னு அழுதாரு. நான்தான் வேணாம்னேன். அடுத்த புத்தகம் ஆகட்டும்னேன். அதுக்கடுத்தது ஆகட்டும்னேன். எல்லாரும் அவர திருடன்னு எழுதறாங்க. அது பாதிதான். மொதல்ல அவரு பேரப் போடலாம்னு சொன்னவ நான். என் பேர அட்டையில பாக்க எனக்கே பயம். அவருக்குப் பதினேழு வருஷம் பொய் சொல்ற வேலையக் குடுத்தேன். நல்ல மனுஷன அது தின்னுடுச்சு.”

ஜெயப்ரியா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமுண்டீஸ்வரி மகளைப் பார்த்தாள். மருமகனைப் பார்த்தாள். மறுபடியும் மகளைப் பார்த்தாள்.

“ஜெயா,” என்றாள். “நீ இப்ப சொல்றது யாரு கத?”

அம்பாரோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னவென்று அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

“இதையும் அவர்களுக்குச் சொல்” என்றார் ஜெயப்ரியாவிடம். “உன் நாலாவது கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். பலகை ஈரத்தில் ஊறிய பிறகு எவ்வளவு கனக்கும், நாவலில் உப்பு வாருகிற பெண்ணுக்குத் தோளில் வலிக்குமா, மணிக்கட்டில் வலிக்குமா என்று. நாவலை முப்பது பேர் மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அது பேராசிரியர் கேட்கிற கேள்வி இல்லை. பலகையைப் பிடித்தவள் கேட்கிற கேள்வி. ஆண் பெயரில் கடிதம் எழுதுவது எப்படி என்று எனக்கா தெரியாது? நான் இவ்வளவு தூரம் வந்தது உன்னைப் பார்க்க.”

ஜெயப்ரியா நின்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் விட்டுவிடலாம். ‘நல்ல மோரு, ரொம்ப சந்தோஷம்னு சொல்றாங்க’ என்று சொன்னாலும் நம்பிவிடுவார்கள். அங்கே ஸ்பானிஷ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

தட்சணாமூர்த்திக்குப் புரிய நேரமாயிற்று. “கடிதம் எழுதனது நீயா? மாப்ள இல்லியா?”

“நான்தாம்பா.”

“அப்ப புத்தகம்?”

“ஜெயாதான் மாமா” என்றான் அறிவழகன். “முழுசா அவதான். நான் பிழை திருத்தினேன். அவ்ளோதான்.”

“ரெண்டு வருஷமா நீ எழுதிட்டு இருந்திருக்க,” என்றார் தட்சணாமூர்த்தி மகளிடம். “நான் போற எடத்துலல்லாம் மாப்ள, மாப்ளைன்னு பேசிட்டு இருந்திருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ.” கோபப்படத்தான் ஆரம்பித்தார். அது வேறு என்னவோவாக முடிந்தது. எழுந்து போய், கொட்டகைக்கு வெளியே வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“நீதான சொன்ன?” என்றான் அறிவழகன் தாழ்ந்த குரலில். “உங்க பேரே இருக்கட்டும்னு. நான் கேக்கலியே ஜெயா.”

“ஆமாங்க. நீங்க கேக்கல. நான்தான் சொன்னேன்.” அவளுடைய குரலில் குற்றச்சாட்டு இல்லை. “நீங்க வேணாம்னும் சொல்லல. நான் அதுக்காகக் காத்துட்டு இருந்தேன்னு எனக்கே இப்பதான் தெரியுது.”

அவன் புது பேன்ட்டில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டான்.

ஜெயப்ரியா பையிலிருந்து போனை எடுத்தாள். பதிப்பகத்தில் அட்டை வேலைகளைப் பார்க்கிற ஜான்சி காலையிலேயே வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தாள். நீலமும் வெள்ளையுமாக அழகான அட்டை. கீழே ‘தமிழில்: பேராசிரியர் அறிவழகன்’. ஜெயப்ரியா அந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

“சொல்லுங்க மேடம். ஓகேவா? அஞ்சு மணிக்கு பிரஸ்ஸுக்கு அனுப்பணும்.”

“ஒரு திருத்தம் இருக்குது ஜான்சி. மொழிபெயர்ப்பு பேரு மாத்தணும்.”

“மேடம்?”

“புத்தகத்த மொழிபெயர்த்தது நான். என் பேரு போடுங்க. சார் பக்கத்துலதான் இருக்காரு. வேணும்னா கேட்டுக்கங்க.”

போனை ஸ்பீக்கரில் போட்டு அறிவழகன் பக்கம் நீட்டினாள். அவன் அந்தப் போனைப் பார்த்தான். அதற்கும் அவளுக்கும் நடுவில் எங்கேயோ பார்த்தான்.

“ஆமாங்க ஜான்சி,” என்றான். “அவங்கதான் பண்ணாங்க. போட்டுடுங்க.”

மறுமுனையில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. ஜான்சி வேலையில் கெட்டி. காரணம் கேட்டு நேரத்தைக் கடத்துகிறவள் இல்லை.

“சரி மேடம். பேரு எப்படி வரணும்? ஜெயப்ரியா அறிவழகனா, இல்ல ஜெயப்ரியா தட்சணாமூர்த்தியா? இனிஷியல் போடறதுன்னா எந்த இனிஷியல்?”

ஸ்பீக்கரில் கேட்டது. வெளியே நின்றிருந்த தட்சணாமூர்த்தி திரும்பிப் பார்த்தார். அறிவழகன் நிமிர்ந்தான். சாமுண்டீஸ்வரி மட்டும் யாரையும் பார்க்காமல், தலைவாழை இலையை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஆனால் தெளித்த இலையையே மறுபடி தெளித்துக்கொண்டிருந்தாள்.

“ஜெயப்ரியா,” என்றாள் ஜெயப்ரியா. “அவ்ளோதான் ஜான்சி. முன்னாடியும் ஒண்ணும் வேணாம், பின்னாடியும் ஒண்ணும் வேணாம்.”

“ஓகே மேடம். தனிப் பேரா வெச்சா எழுத்த கொஞ்சம் பெருசு பண்ணலாம். நல்லா இருக்கும்.”

போனை வைத்ததும் அம்பாரோ ‘என்ன ஆயிற்று’ என்று கேட்கவில்லை. இலையில் விழுந்த மீன் துண்டைக் காட்டி, “இதற்கு என்ன பெயர்?” என்று கேட்டார். சங்கரா என்று சாமுண்டீஸ்வரி சொல்லிக் கொடுத்தாள். இரண்டு தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். முள் எடுக்கத் தெரிந்த கைதான் அதுவும்.

சாப்பிட்டு முடித்து கார் பக்கம் எல்லோரும் வந்தபோது மணி இரண்டு. அறிவழகன் காரில் ஏறவில்லை.

“நான் திண்டிவனத்துக்கு பஸ்ல போறேன். காலேஜ்ல கொஞ்சம் வேல இருக்குது” என்றான்.

“மாப்ள, வெயில்ல எதுக்கு பஸ்ல...” என்று தட்சணாமூர்த்தி ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

ரோட்டோரத்து நிறுத்தம் வரைக்கும் ஜெயப்ரியா அவனோடு நடந்தாள். தூரத்தில் பஸ் வருவது தெரிந்ததும் அவன் சொன்னான்:

“அழைப்பிதழ் முந்நூறும் நேத்தே போயாச்சு. அதுல, ஞாயித்துக்கெழம ஏற்புரை அறிவழகன்னு இருக்குது.”

“தெரியும்.”

“எல்லாரும் வருவாங்க. எங்க பிரின்சிபால், உங்க பெருமுக்கல் ஆளுங்க, பேப்பர்காரங்க. நான் மேடையேறி என்ன பேசட்டும் ஜெயா?”

கோபம் இருக்கும் என்று அவன் முகத்தைப் பார்த்தாள். இல்லை. கிண்டலும் இல்லை. மேடை ஏறினால் ஒரு மணி நேரம் தாளைப் பார்க்காமல் பேசுகிறவன், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

பஸ் வந்து நின்றது. “ஏறுங்க, ஏறுங்க” என்று கண்டக்டர் கதவைத் தட்டினார். அறிவழகன் படியில் ஒரு காலை வைத்து, ஒரு கணம் அவளுடைய பதிலுக்காக நின்றான். பிறகு ஏறிக்கொண்டான்.

ஜெயப்ரியா அதற்கான பதிலை இரண்டு மொழியிலும் தேடிப் பார்த்துக்கொண்டே, பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ரோட்டோரத்தில் நின்றாள்.